கோட்டைக் கவர்னரும் கல்லூரியின் பெயரும்
எலிஹு யேல் என்னும் சென்னைக் கவர்னரின் வாழ்க்கை



எந்தப் பள்ளியின் பரிசளிப்பு விழாவாக இருந்தாலும் மேடையில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், பின்வரிசைப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நன்கொடை கொடுத்த ஒருவரின் பெயர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கல்விக்கூடத்தின் வாசலில் நிற்கிறது என்றால் நீங்கள் நம்புவீர்களா? அந்த மனிதர் பிறந்தது அமெரிக்காவில். பணம் சேர்த்தது நம் முன்னோர் கப்பல் ஏறிய சென்னைப் பட்டினத்தில். அவருடைய கதையை இந்த மலரில் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் நல்லவரா கெட்டவரா என்று முன்கூட்டியே கேட்காதீர்கள். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எலிஹு யேல் 1649ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். அமெரிக்கா என்று இன்று நாம் சொல்லும் நாடு அப்போது கிடையாது. கடற்கரை ஓரமாக இங்கிலாந்துக்காரர்கள் அமைத்த சின்னச் சின்னக் குடியேற்றங்கள்தாம் இருந்தன. அவற்றில் ஒன்று நியூ ஹேவன். அதன் முதல் கவர்னர் தியோபிலஸ் ஈட்டன், நம் கதாநாயகரின் பாட்டியை இரண்டாந்தாரமாக மணந்தவர். பாட்டனார் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் ஈட்டனையே வருஷா வருஷம் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1658இல் சாகும்வரை அவர்தான் கவர்னர். வீட்டில் மட்டும் அமைதி இல்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்ற வாதத்தில் ஊர்ச் சபையோடு மோதினார் பாட்டி. கவர்னர் மனைவி என்றும் பாராமல் சபை அவரை விலக்கி வைத்தது. யேலின் தகப்பனாருக்கும் அந்த ஊர் ஒத்துவரவில்லை. பாஸ்டனுக்குப் போனார், அங்கும் தங்கவில்லை. பையனுக்கு மூன்று வயது இருக்கும்போது குடும்பமே கப்பலேறி இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு எலிஹு யேல் தம் ஆயுள் முழுவதும் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இருபத்திரண்டு வயது நடக்கும்போது கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலை கிடைத்தது. நம் தோட்டத்து வழக்கில் சொன்னால் சின்னக் கிராணி. சம்பளம் வருஷத்துக்குப் பத்துப் பவுன். மாதத்துக்கு அல்ல ஐயா, வருஷத்துக்கு! 1672 ஜூன் மாதம் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். கயிற்றால் தைத்த பலகைகளைக் கொண்ட மசூலாப் படகில் நம் மீனவர்கள் அலையோடு அலையாக ஆட்களைக் கரையில் கொண்டுவந்து இறக்குவார்கள். கால் நனையாமல் இறங்கிய துரை யாரும் இருந்திருக்க முடியாது. கரையில் புனித ஜார்ஜ் கோட்டை. அதைச் சுற்றி வெள்ளைக்காரர் குடியிருந்த பகுதி. வடக்கே நம்மவர்களும் தெலுங்கர்களும் வாழ்ந்த கறுப்பர் பட்டினம். 1639இல் தொடங்கிய ஊர், அதற்குள் பெரிய சந்தையாகிவிட்டிருந்தது. கம்பெனிக்கு அங்கே வேண்டியிருந்தது முக்கியமாக ஒரே பொருள்தான்: துணி. சோழமண்டலக் கரை முழுக்கத் தறிகள். வெள்ளைத் துணி, சாயத் துணி, பூப்போட்ட சீட்டித் துணி எல்லாம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயின.

பத்துப் பவுன் சம்பளக்காரர் எப்படிக் கோடீஸ்வரர் ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு ஒரு வழி இருந்தது. ஐரோப்பாவுக்கு நேராகப் போகும் வியாபாரம் கம்பெனிக்கு. ஆனால் ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தைச் சிப்பந்திகள் தங்கள் சொந்தக் கணக்கில் செய்துகொள்ளலாம் என்று கம்பெனி விட்டிருந்தது. சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்து, மீதியை நீயே சம்பாதித்துக்கொள் என்கிற ஏற்பாடு. யேல் அதில் கெட்டிக்காரர். சரக்கு எங்கே மலிவு, எங்கே கிராக்கி என்று அறிந்து வைத்திருந்தார். கோல்கொண்டாச் சுரங்கத்து வைரம் சென்னைச் சந்தைக்கு வந்தது. அதிலும் கை வைத்தார். வைரத்தில் கிடைத்த லாபம் துணியில் கிடைக்குமா?

கல்யாணமும் உதவியது. கோட்டையில் கவர்னருக்கு அடுத்த பதவியில் இருந்த ஜோசப் ஹின்மர்ஸ் 1680இல் இறந்தார். ஆறே மாதத்தில் அவருடைய மனைவி கேத்தரினை யேல் மணந்துகொண்டார். கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் அப்போதுதான், 1680 அக்டோபர் 28ஆம் தேதி, திறக்கப்பட்டிருந்தது. நவம்பரில் நடந்த இவர்களுடைய கல்யாணந்தான் அந்தக் கோயிலின் பதிவேட்டில் முதல் கல்யாணம். மனைவியோடு முதல் கணவரின் பிள்ளைகளும் சொத்தும் வந்து சேர்ந்தன. பின்னர் இவர்களுக்கு மூன்று பெண்களும் டேவிட் என்று ஓர் ஆண்பிள்ளையும் பிறந்தார்கள். பையன் தங்கவில்லை. நாலு வயதுகூட ஆகாமல் 1688 தொடக்கத்தில் இறந்துபோனான். தாயின் முதல் கணவரைப் புதைத்த இடத்திலேயே அவனையும் புதைத்தார்கள்.

வியாபாரம் மட்டுமல்ல, பேரம் பேசுவதிலும் ஆள் சமர்த்தர். 1681இல் கம்பெனி அவரைச் செஞ்சிக்கு அனுப்பியது. அப்போது செஞ்சி மராட்டியர் கையில் இருந்தது. பறங்கிப்பேட்டை, கூடலூர்ப் பக்கம் கிடங்கு வைக்க அனுமதி வாங்குவதுதான் வேலை. அந்தக் கரையின் அருமை அப்போதே அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

1687 ஜூலையில் சென்னைக் கோட்டைக்குக் கவர்னரானார். பத்துப் பவுன் கிராணி பதினைந்து வருஷத்தில் கவர்னர்! அதே ஆண்டில் ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்தார். சுற்றிலும் ராஜ்யங்கள் கவிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் கோட்டையைக் காப்பாற்றிக் கொடுத்ததில் யேலுக்குப் பங்கு உண்டு. சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29இல் தொடங்கியதும் இவர் காலத்தில்தான். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். வேடிக்கை பாருங்கள், அவரும் அமெரிக்காவில் பிறந்தவர். ஆல்டர்மன் என்னும் நகரசபைப் பெரியவர் பன்னிருவரில் ஆலங்காத்த பிள்ளை போன்ற நம்மவர்களுக்கும் இடம் கிடைத்தது. 1690இல் கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புதிய இடம் கொடுத்தவரும் இவரே. இன்று சென்னை சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் பூர்வீகம் அதுதான்.

அதே 1690இல் நடந்த இன்னொரு காரியத்தைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். கூடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து கம்பெனிக்காக விலைக்கு வாங்கினார். எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும், குண்டு போய் விழும் இடம்வரை வாங்கியவருக்குச் சொந்தம் என்று பேச்சு. மராட்டியர் எந்தப் பீரங்கியை நினைத்தார்களோ தெரியாது. கம்பெனியார் நல்ல பீரங்கியாகப் பார்த்து, அதைச் சுடத் தெரிந்த ஆளையும் அனுப்பி வைத்தார்கள். நாலாபக்கமும் சுட்டார்கள். கூடலூரும் சுற்றியுள்ள கிராமங்களும் எல்லைக்குள் வந்துவிட்டன. குண்டு உப்பலவாடி என்றும் குண்டு சாலை என்றும் அந்தப் பக்கத்தில் இன்றும் பெயர்கள் உண்டு. அந்தக் கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர். வேல்ஸ் நாட்டுக் காவல் புனிதர் டேவிட், யேலின் பூர்வீகம் வேல்ஸ். ஆனால் இறந்துபோன மகனின் பெயரும் டேவிட்தானே என்று சொல்பவர்களும் உண்டு.

இதுவரை கேட்டால் கெட்டிக்காரர் கதை. இனிமேல்தான் நம்மை உறுத்தும் பகுதி வருகிறது.

1686, 1687 ஆண்டுகளில் சென்னையைச் சுற்றிக் கொடிய பஞ்சம். மழை இல்லை, போர் வேறு. கிராமத்து ஜனங்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் கடற்கரைப் பட்டினங்களை நோக்கி வந்தார்கள். பெற்ற பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். வாங்கிக் கப்பலேற்ற ஆள் இருந்தது. கோட்டை நிர்வாகம் இதைத் தடுத்ததா? தடுக்கவில்லை. ஆட்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள், ஏற்றுமதி பெருகிவிட்டது, ஆகையால் அனுப்பப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது! மூட்டைக்கு வரி போடுவதைப் போல மனுஷனுக்கு வரி. 1687இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் இப்படிக் கப்பலேற்றப்பட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் வழியில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குக் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்றும் கட்டளை இருந்தது. 1688 மே மாதம் கோட்டைச் சபை இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. மனம் இளகியதால் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டை அப்போது ஆளத் தொடங்கியிருந்த மொகலாய அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை, அவர்களோடு பகை வேண்டாம் என்று செய்தார்கள்.

யேல் தம் சொந்தக் கணக்கில் அடிமை வியாபாரம் செய்ததற்குத் தாள் ஆதாரம் இல்லையே என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்தச் சபைக்குத் தலைவர் யார்? கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார்? தோட்டத்தில் ஒரு காரியம் நடந்தால் கணக்கப்பிள்ளையை மட்டுமா கேட்போம், பெரிய துரையைக் கேட்க மாட்டோமா?

நம் பாட்டன் பூட்டன்மார் ரப்பர்க் காட்டுக்கு வந்த விதம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஒப்பந்தத்திலும் கங்காணி அழைத்தும் வந்தவர்கள். அது இரண்டு நூற்றாண்டுகள் கழித்து நடந்தது, பேரேட்டில் பெயர் இருந்தது, ஊருக்குக் கடிதம் எழுத முடிந்தது. ரஹாங் வட்டாரத்திலும் சிரம்பானைச் சுற்றிய தோட்டங்களிலும் பல குடும்பங்களுக்குத் தாத்தாவின் சொந்த ஊர் பெயர் இன்றும் தெரியும். 1687இல் போன அந்த 665 பேர்களில் யாருடைய பேரனும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

யேலின் வாழ்வில் சறுக்கலும் வந்தது. 1689இல் மனைவி பெண்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போய்விட்டார். யேல் ஒரு போர்த்துகீசிய யூத வைர வியாபாரியின் விதவையோடு குடித்தனம் நடத்தினார். ஊர் பேசியது. கோட்டைச் சபையில் இருந்தவர்களோடும் ஓயாத சண்டை. கம்பெனிப் பதவியை வைத்துத் தமக்கே லாபம் தேடினார் என்று குற்றச்சாட்டுகள் குவிந்தன. 1692இல் பதவி போயிற்று. அவருக்குப் பதில் வந்தவர் அந்தப் பழைய மேயர் ஹிக்கின்சன்தான். வழக்கும் கணக்கும் தீராமல் இன்னும் ஏழு வருஷம் சென்னையிலேயே கிடக்க நேர்ந்தது. 1699இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. ஆனால் வெறுங்கையோடு போகவில்லை! லண்டனில் மாளிகை, வேல்ஸில் பண்ணை வீடு, வைர வியாபாரம், சுவர் கொள்ளாத ஓவியங்கள், அறை கொள்ளாத சாமான்கள். மகள்களில் ஒருத்தியைப் பிரபு வீட்டிலேயே கட்டிக் கொடுத்தார்.

இனிப் பள்ளிக்கூடக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் கனெக்டிகட் குடியேற்றத்தில் 1701இல் ஒரு சிறு பள்ளி தொடங்கினார்கள். சரியான கட்டடம் இல்லை, புத்தகம் இல்லை, எந்த ஊரில் வைப்பது என்றுகூட ஒற்றுமை இல்லை. (இதைப் படிக்கும் பள்ளி வாரிய உறுப்பினர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.) கடைசியில் 1716இல் நியூ ஹேவனுக்குக் கொண்டுவந்தார்கள். ஆமாம், பாட்டனார் கவர்னராக இருந்த அதே ஊர், பாட்டியைச் சபையை விட்டு விலக்கிய அதே ஊர்.

அந்தப் பள்ளிக்காக லண்டனில் அலைந்தவர் ஒருவர் உண்டு, ஜெரமையா டம்மர் என்று பெயர். கனெக்டிகட்டின் பிரதிநிதி. வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டார். ஐசக் நியூட்டனே தம் புத்தகங்களைக் கொடுத்தார் என்றால் பாருங்கள். 1714இல் டம்மர் அனுப்பிய புத்தகங்கள் எண்ணூறுக்கு மேல். யேல் துரையிடமும் போனார், முப்பது நாற்பது புத்தகம் கிடைத்தது. ஆண்பிள்ளை இல்லாத பணக்காரர், அமெரிக்காவில் பிறந்தவர், விடக்கூடாது என்று டம்மர் தொடர்ந்து நடந்தார். பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர் 1718இல் யேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளிக்கு உங்கள் பெயரை வைத்தால் பெற்ற பிள்ளைகளை விட அது நிலைத்து நிற்கும் என்று அதில் ஆசை காட்டினார். ஆண் வாரிசை இழந்த மனிதருக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

1718இல் யேல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். பொதிகளில் இருந்தது பெரும்பாலும் துணி. காலிக்கோவும் மஸ்லினும் அதில் இருந்தன, இந்தியத் தறிக்குப் பேர் பெற்ற துணிகள். அவற்றை விற்றதில் 562 பவுன் 12 ஷில்லிங் கிடைத்தது. அவர் கிராணியாக வாங்கிய சம்பளக் கணக்கில் ஐம்பத்தாறு வருஷ ஊதியம். ஆனால் அவருடைய சொத்தில் அது ஓரத்துத் தூசு. கட்டடம் முடிந்தது. 1718 செப்டம்பரில் நடந்த பட்டமளிப்பு விழாவில் கல்லூரிக்கு யேல் கல்லூரி என்று பெயர் சூட்டினார்கள். எண்ணூறு புத்தகம் சேர்த்த டம்மரின் பெயர் எந்த வாசலிலும் ஏறவில்லை. பாவம், கால் தேய நடந்தவர் அவர்.

யேல் கொடுத்தது அவ்வளவுதான். இன்னும் 500 பவுன் தருவதாக உயிலில் எழுத எண்ணியிருந்தார். உயில் கையெழுத்தாகவில்லை. 1721 ஜூலை 8ஆம் தேதி லண்டனில் இறந்தார். கல்லூரிக்காரர்கள் பல வருஷம் முயன்றும் அந்தப் பணம் கைக்கு வரவில்லை. வேல்ஸில் ரெக்ஸம் தேவாலய முற்றத்தில் அவருக்குக் கல்லறை. கால்பந்துக் குழுவால் நம் பையன்களுக்கெல்லாம் இப்போது தெரிந்திருக்கும் அதே ரெக்ஸம்தான்.

நம் நாட்டிலும் ஒரு நன்கொடைக் கதை உண்டு, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும், நூலகம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் வெட்டியவர்களும் கொடுத்தார்கள். அன்றைய ஒரு வெள்ளி என்றால் என்னவென்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சொத்தில் ஓரத்துத் தூசு அல்ல, அன்றைய அரிசி. 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. அந்த வெள்ளிகளைக் கொடுத்தவர்கள் பெயரில் கட்டடம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

யேல் கல்லூரி இன்று உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம். அங்கே படித்து அமெரிக்காவின் ஜனாதிபதிகளாக ஆனவர்களே ஐந்து பேர். நம் பிள்ளைகளில் ஒருவர் அங்கே படிக்கப் போனால் ரஹாங்கே கொண்டாடும், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் போகிற பிள்ளை அந்த ஊர்க் கலைக்கூடத்தில் ஓர் ஓவியத்தையும் பார்க்க வேண்டும். 1719 வாக்கில் வரைந்தது. யேல் துரை மேசையருகே பிரபுக்களோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பேரப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஓரத்தில் மது ஊற்றிக் கொடுக்க ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். பத்து வயது இருக்கலாம். கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளி வளையம். 2020இல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஆராய்ந்தார்கள். துரைமார்களின் பெயர்களைப் பற்றிச் சொல்ல நிறையக் கிடைத்தது. சிறுவனின் பெயர் அகப்படவில்லை. 2022இல் அவனைப் பற்றிய விளக்கத்தோடு திரும்ப மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பெயரை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள், வரலாற்றை வைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் அடுத்த தலைமுறைப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதே.

நம்மவர்கள் பலர் கோயில் யாத்திரையாகவும் துணி எடுக்கவும் சென்னைக்குப் போகிறீர்கள். ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஜோசப் ஹின்மர்ஸும் குழந்தை டேவிட்டும் கிடக்கும் கல்லறை இருக்கிறது. கூர்ங்கோபுரம் போல உயர்ந்து நிற்கும். வண்டி நிறுத்த இடம் வேண்டும், அதை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று 2023இல் நீதிமன்ற உத்தரவே வந்தது, தொல்பொருள் துறை மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோட்டை. உள்ளே புனித மேரி தேவாலயம். கடலைப் பார்த்து நின்றால், அந்தக் கப்பல்கள் நங்கூரமிட்ட திசை அதுதான். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் இருப்பதால் வாசலில் சோதிப்பார்கள், பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.